நானூத்தி அறுபது

ஐஸ் தண்ணீர் சொட்டும் கையைப்
புடவையில் துடைத்துவிட்டு
தேசம்மா அதைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
"ராவெல்லாம் சார்ஜ்ல போட்டேன்பா.
பேரு மட்டும் காட்டுது.
அதுக்கு மேல வர மாட்டேங்குது."

கல்மண்டபத்தில் மணி எட்டு.
ஊதுவத்தி பாதிகூட எரியவில்லை.

உண்மைதான். கம்பெனி பேர் வரும்,
பெருமையாக நிற்கும், அணையும்,
மறுபடி வரும்.
வாசல்வரை வந்து
செருப்புகளை எண்ணிப் பார்த்துத்
திரும்பிவிடும் விருந்தாளி.

சார்ஜ் துளையில் ஒரு மீன்செதில்.
ஊசியால் எடுத்தேன்.
அதனால் இல்லை.

பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும்
சேர்த்து அழுத்திப் பிடித்தேன்
கட்டைவிரல் வெளுக்கும் வரை.
கைக்குள் ஒரு நடுக்கம்,
செத்துவிட்டதென்று ஒதுக்கிய நண்டு
கூடையில் காலசைத்ததுபோல்.

கறுப்புத் திரை. நடுவில்
வயிறு திறந்து மல்லாந்து கிடக்கும் பொம்மை.
"அய்ய, இன்னாபா இது,
ஆய்ஞ்சு போட்டாப்ல கீது!"

இங்கே விரல் செல்லாது அக்கா.
தொட்டால் கேட்காது, தடவினால் கேட்காது.
சத்தம் கூட்டும் பொத்தான் மேலே ஏற்றும்,
குறைக்கும் பொத்தான் கீழே இறக்கும்.
சத்தமே இல்லாத இடத்தில்
அவற்றுக்கு அதுதான் வேலை.

முதல் வரி: மறுபடி தொடங்கு.
தொடங்கியது. அதே பேர், அதே வாசல்.

கீழே இன்னும் இரண்டு.
கேச்சை மட்டும் துடை.
அதற்கும் கீழே, எல்லாவற்றையும் அழி.

"அழிச்சா நிச்சயம் வந்துரும்கா.
ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.
"போட்டோ போனா போவுது.
கணக்கு கீதுபா உள்ள."

எனக்குத் தெரியும் அந்தக் கணக்கு.
எழுத வராது அவளுக்கு.
கடன் சொன்னவர் நாலடி நகர்ந்ததும்
போனை வாயருகே பிடித்துச் சொல்லி வைப்பாள்:
ஆள், மீன், எடை, ரூபாய்.
முப்பது நாற்பது பேர் இருப்பார்கள்.
நானும் இருப்பேன்.
ஆனி மாதம் மச்சான் வந்தபோது வாங்கிய வஞ்சிரம்,
அதன் முள்ளைப் பூனையே மறந்திருக்கும்.

நீலப் பட்டை கடைசி வரியில் நின்றது.
ஒரு படி தவறி இறங்கிவிட்டதாக
முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
'வேற வழி இல்லக்கா.'
மூன்று சொல் போதும்.
ஃபேன் கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா,
துறைமுகத்து லாரி டிரைவர், நான்,
ஒரே அழுத்தலில் எல்லோரும்
கடனில்லாதவர்கள்.

மீன்பாடி வண்டியொன்று படபடத்துப் போனது.
தேசம்மா திரும்பவில்லை.
பொத்தான்மேல் இருந்த என் விரலையே பார்த்தாள்.
சந்தேகமாக அல்ல.
அலை பெரிதாக இருக்கும் நாளில்
கயிறு பிடித்தவன் கையைப் பார்ப்பதுபோல.

ஒரு படி மேலே. கேச் மட்டும்.
அழுத்தினேன்.

இந்த முறை பேர் வந்தது, நின்றது,
நின்றுகொண்டே இருந்தது.
டீ வந்து ஆறியது.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
பிறகு திடீரென்று மணி காட்டியது,
எட்டு முப்பத்தேழு.

"கீதானு பாப்போம்" என்று
கைக்கு வந்த ஒன்றைத் தட்டினாள்.
கடை முழுக்க அவள் குரல்,
பின்னால் காக்காய், கத்தி, தராசுத் தட்டு:
"செல்லு கட தம்பி. வஞ்சிரம். அரக் கிலோ.
நானூத்தி அறுபது.
கேக்க வாணாம். தானா குடுப்பான்."

ரீசார்ஜுக்கு நின்ற பையன்
என்னைப் பார்த்துவிட்டுத்
தெருவைப் பார்த்தான்.

கல்லாவில் நானூறுதான் இருந்தது.
"அறுபது உன் கூலில கழிச்சுக்கோ" என்று
நோட்டைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.
போக எழுந்தவள்
போனை மறுபடி என் பக்கம் நீட்டினாள்.

"இத்த மட்டும் எப்டிபா அழிக்கிறது?"